கால் எங்கே?

ஸ்கேனரை அவர் எடுத்தது எனக்குத் தெரியாது. அவரைப் பற்றி என் நாட்குறிப்பில் நான் எழுதிய முதல் வரி அதுதான். செவ்வாய்க்கிழமை, வெளியே ஈரப்பனி, காலை ஏழு ஐம்பது. கியூபெக்கின் சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டிகள் வந்திறங்கும் களஞ்சியத்தில் எனக்கு அது இரண்டாவது நாள். பெட்டிகளின் கோட்டுக் குறிகளைப் படிக்கும் ஸ்கேனரை மேசையில் வைத்தேன். லாரிக்காரரின் தாளில் கையெழுத்திட்டேன். திரும்பினேன். மேசையில் ஒன்றுமில்லை.

இருபத்தைந்து நிமிடம் தேடினேன். பிறகு, தொலைந்த கருவிகளுக்கென்று அங்கே இருந்த படிவத்தை எடுத்து மூன்று பிரதிகள் எழுதினேன். எங்கே வைத்தேன், எந்தப் பக்கம் பார்த்து வைத்தேன், அப்போது அருகில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தன. மூன்றாவது பிரதியில் கையெழுத்திட்டு முடித்தபோது ஏதோ என் தோளைத் தொட்டது. பின்னால் ஃபோர்க்லிஃப்டில் அறுபதைத் தாண்டிய ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அடர்த்தியான நரைமுடி. ஸ்கேனரை என் தோளில் மெல்ல அழுத்திப் பிடித்திருந்தார்.

"அவுட்," என்றார். பிறகு குனிந்து என் சப்பாத்துகளைப் பார்த்துவிட்டு, "கால் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

படிவத்தையும் வாங்கி மூன்று பிரதிகளையும் ஆறுதலாகப் படித்தார். தன்னைப் பற்றி இவ்வளவு கவனமாக ஒருவரும் எழுதியதில்லை என்று சொல்லி, ஒரு பிரதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு 'நொத்தேர்' என்று பெயர். எதையும் எழுதிப் பதிவுசெய்கிறவன் என்பதற்குப் பிரெஞ்சில் அதுதான் சொல். பத்திரம் எழுதுகிறவர். ஒரு கிழமைக்குள், அங்கே வேலை செய்த எங்கள் தமிழ் ஆட்கள் அதை 'நொத்தாரிசு அண்ணை' ஆக்கிவிட்டார்கள்.

அவருக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் 'கள்ளக் கிழவன்'. அவருடைய சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் பேசியதைப் பற்றி ஒரு குறிப்பு மட்டும் அவசியம். அவருடைய தாய்மொழி பிரெஞ்சு. என்னுடன் பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும் பேசுவார். இங்கே அவர் சொன்னதாகப் பேச்சுத் தமிழில் எது வந்தாலும், அது அவர் தமிழிலேயே சொன்னது. மற்றவை என் மொழிபெயர்ப்பு. அந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் பேஸ்போல் விளையாடியவர். வேலைக்குப் போவதுபோல் பதினொரு கோடைகாலம் விளையாடியவர். ஆனால் தொலைக்காட்சியில் வருகிற பெரிய அணிகளில் அல்ல. ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே, சிறு நகரங்களில், படிப்படியாகச் சில சின்ன அணிகள் இருக்கும். அவற்றில் விளையாடுகிறவர்கள் இரவு பகலாகப் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் விளையாடிக்கொண்டு, மேலே வரும்படி ஒரு தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருப்பார்கள். அதற்குப் பெயர் மைனர் லீக். அவர் அங்கே பதினொரு வருடம் காத்திருந்தார். மேலே போகவில்லை.

நின்ற இடம் இரண்டாவது பேஸின் பக்கம். கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர்களுக்காக இதையும் சொல்லவேண்டும். பேஸ் என்பது தரையில் வைத்த வெள்ளைத் திண்டு. ஓடுகிறவனின் கால் அதன்மேல் இருக்கும்வரை அவனை ஒருவரும் ஒன்றும் செய்யமுடியாது. கால் விலகிய கணத்தில் பந்தோடு வந்து தொட்டால் அவுட். இவருக்குக் கைவந்த வித்தை ஒன்று இருந்தது. பந்தை, அதைப் போடுகிறவனிடம் திருப்பிக் கொடுத்ததுபோலக் காட்டிவிட்டுத் தன் கிளவுஸுக்குள்ளேயே வைத்துக்கொள்வார். வானத்தைப் பார்ப்பார். மூக்கைச் சொறிவார். ஓடுகிறவன் இனி ஆபத்தில்லை என்று நினைத்துத் திண்டிலிருந்து காலை எடுப்பான். இவர் போய் மெல்லத் தொடுவார். விதிகளின்படி இது சரி. இதைச் செய்கிறவனோடு அன்றைக்கு ஒருவரும் சேர்ந்து சாப்பிட மாட்டார்கள் என்பதும் சரி.

களஞ்சியத்திலும் அதே விளையாட்டுத்தான். என் பேனா, சாப்பாட்டுப் பெட்டியின் மூடி, இடது கையுறை. ஒளித்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் எங்களோடு சேர்ந்து தேடுவார். மிகுந்த அக்கறையாகத் தேடுவார். "கடைசியாக எங்கே வைத்தாய்? நினைத்துப் பார்," என்று ஆறுதலும் சொல்வார்.

இனி அந்தத் தமிழ்.

எங்கள் பகுதி சரக்கு இறக்கும் பகுதி. ஒன்பது பேரில் எட்டுப் பேர் தமிழர், ஒன்பதாவது அவர். உணவறையில் அவர் ஒரு மூலையில் சுவிங்கம் மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் அவரைப் பற்றியே, அவருக்கு முன்னாலேயே, கூசாமல் கதைப்போம். அதில் முதலாள் குகன். வாய் நீளம், மனம் வெள்ளை. கிழவருடைய முடி சொந்த முடி அல்ல என்பது அவன் கட்சி.

"அது விக் அண்ணை. நான் அடிச்சுச் சொல்லுறன். இந்த வயசில ஆருக்கு இவ்வளவு மயிர் இருக்கு? காத்தடிச்சால் கழண்டு போற சாமான்."

இந்த வாதம் நான்கு பனிக்காலம் நடந்தது. நான்காவது பனிக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை, குகன் மீன் ரோல்ஸ் சாப்பிட்டபடி அதையே திரும்பவும் ஆரம்பித்தான். கிழவர் எழுந்தார். மெதுவாக நடந்து வந்து அவனுக்கு முன்னால் தலையைக் குனிந்தார்.

"இழுத்துப் பார், மோனை."

குகனின் கையிலிருந்த ரோல்ஸ் கீழே விழுந்தது. நான்கு வருடங்களில் இந்த மனிதருக்கு முன்னால் என்னென்ன சொன்னோம் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தோம். நான் வீட்டுக்குப் போய் நாட்குறிப்பிலேயே புரட்டினேன். நான் சொன்னவை மூன்று. இரண்டு பரவாயில்லை.

"கிழவா, நாலு வருசமா விளங்கிக்கொண்டே இருந்தனி?" என்றான் குகன்.

"ஓம்," என்றார். "நீ நல்லாக் கதைக்கிறாய். நான் உன்னட்டைத்தான் படிச்சனான்."

அதனால்தான் அவருடைய தமிழ் முழுவதும் குகனின் தமிழாக இருந்தது. எல்லோரையும் நீ என்பார், முகாமையாளரான மதாமைக்கூட. நல்லவேளை, அவருக்குத் தமிழ் தெரியாது. கேட்டதை உடனே தர மனமில்லாவிட்டால், "பேந்து பாப்பம்," என்பார். அந்தப் 'பேந்து', அதாவது 'பிறகு', ஒருபோதும் வந்ததில்லை.

அதற்குப் பிறகு உணவறையில் அடக்கமாகப் பேசினோம். என் நாட்குறிப்பைப் பற்றி மட்டும் எனக்குக் கவலையில்லை. காதால் கேட்டுப் படித்தவருக்கு எழுத்துத் தெரிய நியாயமில்லை. தோள்பையில் அது எப்போதும்போலக் கிடந்தது.

அந்தக் காலத்தில் நான் குறித்த இன்னொரு சிறு விஷயம்: உணவறைச் சுவரில், கோட்-தே-நேஜ் பலசரக்குக் கடையில் கொடுத்த தமிழ் நாட்காட்டி ஒன்று தொங்கியது. நாளுக்கு ஒரு தாளாகக் கிழிக்கிற வகை. காலையில் முதலாளாக வருகிறவர் அவர். தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைப்பார். எதற்கு என்று கேட்டேன். மென்ற சுவிங்கத்தைச் சுற்றிப் போட என்றார். குப்பைத்தொட்டியைப் பார்த்தேன். உண்மைதான், ராகுகாலத்துக்குள் ஒரு சுவிங்கம் இருந்தது. 'சரி' என்று எழுதி முடித்துவிட்டேன்.

என் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியலும் வைத்திருந்தேன். பதினொரு வருடம் விளையாடியவர் ஏன் மேலே போகவில்லை? கேட்கும்போதெல்லாம் வேறு வேறு காரணம் சொல்வார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு மனிதனின் வாழ்க்கை ஒரே ஒரு விதமாகத்தான் நடந்திருக்க முடியும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, சொன்ன இடம், வானிலை, அப்போது அவர் முகம் எப்படி இருந்தது என்பதையும் எழுதினேன்.

முதலாவது: அணியின் பஸ் சாவியை விளையாட்டுக்கு ஒளித்துவைத்தார், எங்கே ஒளித்தேன் என்று மறந்துபோனார், அணி அந்த ஊரில் இரண்டு நாள் கிடந்தது. இரண்டாவது: ஒரு காட்சிப் போட்டியில் அணி முதலாளியின் மருமகனைத் தன் வித்தையால் அவுட் ஆக்கினார், மருமகனின் பெண்வீட்டார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க. மூன்றாவது: மேலே வரச்சொல்லித் தொலைபேசி வந்தது, கூட்டாளி யாரோ குரலை மாற்றிப் பேசிக் கேலி செய்கிறான் என்று நினைத்து, வாயில் வந்ததைச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். நான்காவது முழங்கால். ஐந்தாவது, மேலே அவருடைய இடத்தில் விளையாடியவன் நோயென்று ஒருநாளும் விலகவில்லை: "பதினொரு வருசம் அவனுக்கு ஒரு தடிமன்கூட வரேல்லை!"

ஆறாவதைக் கேட்காமலே சொன்னார். தை மாதம், காலை ஆறரை, பஸ் தரிப்பிடம். நாங்கள் இருவர் மட்டும். வளைந்து வரும் பந்தைத் தன்னால் அடிக்க முடியவில்லை என்றார். நேராக வந்தால் எவ்வளவு வேகமானாலும் அடிப்பாராம், வளைந்தால் முடியாதாம். பிறகு பஸ் வந்தது. நான் எழுதியது இது: 'குளிர், மைனஸ் இருபத்திநான்கு. என்னைப் பார்க்கவில்லை. வாய் விறைக்காமல் இருப்பதற்காகப் பேசியிருக்கலாம். கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.'

மூன்றாவதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தேன். 'இதுவே உண்மை. ஊரை ஏமாற்றியவனுக்கு உண்மை வந்தபோது நம்ப முடியவில்லை. மிகப் பொருத்தம்.' அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இப்படியிருக்கும்போது தயாபரனுக்குக் கல்யாணம் சரிவந்தது.

தயாபரன் மட்டக்களப்பு ஆள். எங்கள் பகுதியில் அமைதியானவன். முப்பத்தெட்டு வயது. தாய் தகப்பன் இல்லை; ஊரிலிருக்கும் சொந்தத்துக்கு விசா கிடைக்காது. பெண் டொரொண்டோ, அவர்கள் பக்கம் மட்டும் முந்நூறு பேர். ஆவணியில் ஐயர் ஒரே ஒரு முகூர்த்தம்தான் கொடுத்தார். அது புதன்கிழமை. மண்டபமும் பதிந்தாயிற்று. எல்லாம் முடிந்தபிறகுதான் அவன் எங்களிடம் வந்து சொன்னான்.

"நீங்க எல்லாரும் வரவேணும் அண்ணை. இல்லாட்டி மாப்பிள்ளைப் பகுதி எண்டு நானும் ஐயரும்தான் நிப்பம்."

"ஐயரும் பொம்பிளைப் பகுதி ஆள்தான்," என்றான் குகன்.

தயாபரன் சிரித்தான். பிறகு கையைப் பிசைந்தான். அன்று அதையும் எழுதினேன்.

சிக்கல் லீவில் இருந்தது. கியூபெக் பாதியும் விடுமுறை எடுக்கிற இரண்டு கிழமை ஆடியில் வரும். ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? ஆவணியில் எங்கள் களஞ்சியத்தில் ஒரு கிழமை ஒரு பகுதி மட்டும் ஒன்றாக லீவு எடுக்கலாம். மற்றப் பகுதி நின்று வேலை பார்க்கவேண்டும். எந்தப் பகுதி முதலில் கிழமையைத் தேர்வது? அதற்கு எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. ஆனி மாதத்தில் சரக்கு இறக்குகிறவர்களுக்கும் ஏற்றுகிறவர்களுக்கும் பூங்காவில் ஒரு பேஸ்போல் ஆட்டம் நடக்கும். பெரிய மெத்தென்ற பந்தால் ஆடுகிற இலகுவான வகை. வென்ற பகுதி முதலில் தேரும். ஏற்றுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் வென்றார்கள். ஒவ்வொரு வருடமும் அதே ஆவணிக் கிழமையைத்தான் எடுத்தார்கள். அவர்களுடைய தலைவன் மார்செலுக்கு அந்தக் கிழமையில் மீன்பிடிக்கப் போகவேண்டும்.

மார்செலிடம் போய்க் கேட்டோம். "மீன்களுக்கும் சொல்லியாயிற்று," என்றான்.

கிழவர் எங்களுக்காக விளையாட முடியாது. சம்பளத்துக்கு விளையாடியவர் ஆடக்கூடாது என்று அவர்கள் முன்பே விதி போட்டிருந்தார்கள். பழக்க மட்டும்தான் முடியும்.

முதல்நாள் பயிற்சியை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாங்கள் எல்லோரும் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள். குகன் பந்தை அடித்தான். மட்டையைக் கையில் பிடித்தபடி முதல் பேஸுக்கு ஓடினான். ஓடிப்போய் மட்டையை நீட்டித் திண்டைத் தொட்டான்.

"மரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கை போறாய்?" என்று கத்தினார் கிழவர். "வீடு கட்டவோ?"

அடுத்ததாக நானும் இன்னொருவரும் முதலாவது, இரண்டாவது பேஸ்களில் நின்றோம். பந்து நின்றுவிட்டது. கிரிக்கெட்டில் அப்படி ஓர் ஓய்வு கிடைத்தால் இரண்டு துடுப்பாட்டக்காரர்களும் நடுவில் சந்தித்து இரண்டு வார்த்தை பேசுவார்கள். நாங்களும் திண்டுகளை விட்டுவிட்டு நடுவில் வந்து நின்று, வெயில் கண்ணில் அடிப்பதைப் பற்றிப் பேசினோம். கிழவர் பந்தை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்து வந்தார். என் தோளில் தொட்டார். மற்றவரின் தோளிலும் தொட்டார்.

"கதைச்சு முடிஞ்சுதோ? ரெண்டு பேரும் அவுட்."

பந்து போடுவது தயாபரன். அவனுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. கிரிக்கெட் அணித் தலைவனாக இருந்தவன். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் ஆட்களை இடம் மாற்றுவான். "குகன் அண்ணை, ரெண்டடி இடப்பக்கம். இன்னும் கொஞ்சம். கூடிப்போச்சு, ஓரடி வாங்க." இது முடிய மூன்று நிமிடமாகும். முதல் நாள் கிழவர் தலையில் கைவைத்தார். இரண்டாம் நாள் திட்டினார். மூன்றாம் நாள் புல்லில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லுவதை நிறுத்தினார். அவர் மெல்லுவதை நிறுத்தி நான் அதுவரை பார்த்ததில்லை.

"இதை மாத்தாதை," என்றார் தயாபரனிடம். "இன்னும் கூடச் செய்."

அன்று பின்னேரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இரண்டாவது பேஸில் நீ நில் என்றார். தன் வித்தையைச் சொல்லித்தந்தார். நான் மறுத்தேன். வெவ்வேறு களஞ்சியங்களில் இருபது வருட வேலையில் ஒரு பெட்டியைக்கூடப் பொய்யாக எழுதாதவன் நான். ஒருவனை ஏமாற்ற எனக்கு வராது.

"ஆரடா உன்னைப் பொய் சொல்லச் சொன்னது? வாயைத் திறக்காதை. பந்து எங்கை எண்டு அவன் கேட்டால் சொல்லிப்போடு. கேட்காட்டி உனக்கென்ன?"

"ஏன் நான்? குகன் இருக்கிறானே."

"குகன்ர முகத்தைப் பார்த்தால் அவன்ர வீட்டில என்ன கறி எண்டே தெரியும். உன்ர முகத்தில ஒண்டும் எழுதியில்லை. நீ எல்லாத்தையும் புத்தகத்தில எழுதிப்போடுறாய்."

ஆட்ட நாள். சனிக்கிழமை, தெளிவான வானம், மேற்கிலிருந்து லேசான காற்று. நடுவர் எங்கள் மதாம். எப்படியோ, முதல் தடவையாக, நாங்கள் ஓர் ஓட்டத்தால் முந்தியிருந்தோம். அவர்களுடைய கடைசி முறை. இரண்டு பேர் அவுட். இன்னொருவர் அவுட் ஆனால் ஆட்டம் முடியும். மார்செல் ஓங்கி அடித்து இரண்டாவது பேஸுக்கு வந்து, என் பக்கத்தில் மூச்சு வாங்கி நின்றான். அடுத்ததாக அடிக்க வருகிறவன் அவர்களில் மிகப் பலசாலி. பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பினால் தயாபரனின் பக்கத்தில் கல்யாணத்துக்கு ஆளில்லை.

பந்து வெளியிலிருந்து எறியப்பட்டு என் கைக்கு வந்தது. தயாபரனிடம் நடந்து போனேன். கிளவுஸை அவன் கிளவுஸோடு ஒட்டி வைத்தேன். வெறும் கிளவுஸோடு திரும்புகிறவன்போலத் திரும்பினேன். பந்து என்னிடம்தான் இருந்தது. கைதட்டிக்கொண்டிருந்த கிழவர் மதாமின் பக்கம் போய், இரண்டாவது பேஸைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்படி காதில் சொன்னார்.

பந்து கையில் இல்லாமல், பந்து போடுகிற இடத்தில் கால் வைக்கக்கூடாது என்பது விதி. தயாபரன் வைக்கவில்லை. அதைச் சுற்றி நடந்தபடி ஆட்களை மாற்றத் தொடங்கினான். "குகன் அண்ணை, ரெண்டடி பின்னுக்கு. இல்லை, முன்னுக்கு. வெயிலுக்குத் தள்ளி நில்லுங்க." ஏற்றுகிற பகுதி ஆட்கள் அன்று முழுவதும் இதைப் பார்த்துச் சலித்திருந்தார்கள். ஒருவன் புல்லில் படுத்தேவிட்டான்.

"என்ன செய்கிறான் இவன்?" என்று மார்செல் என்னைக் கேட்டான்.

"ஆட்களை இடம் மாற்றுகிறான்," என்றேன். உண்மை.

"எப்போதும் இப்படித்தானா?"

"எப்போதும்." இதுவும் உண்மை.

"உனக்கு வியர்க்கிறதே?"

"ஆம்," என்றேன். மூன்றும் உண்மை. நான்காவதாக அவன் கேட்கவேண்டிய கேள்வியை நான் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் கேட்கவில்லை. தயாபரன் குகனை ஏழாவது தடவையாக நகர்த்தினான். மார்செல் பொறுமையிழந்தான். கையை உயர்த்தி, "ஓய்! கல்யாணத்துக்குள்ளாவது போடுவாயா?" என்று கத்தியபடி திண்டிலிருந்து இரண்டு அடி முன்னால் வைத்தான்.

நான் போய்த் தோளில் தொட்டேன்.

"அவுட்," என்றேன். கிளவுஸைத் திறந்து பந்தைக் காட்டினேன். மார்செல் பந்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தன் கால்களைப் பார்த்தான். மதாம் வந்து அதே கால்களைப் பார்த்துவிட்டு, அவுட் என்று கட்டைவிரலை உயர்த்தி வீசினார்.

பிறகு நடந்த கூச்சலை விரிவாக எழுதவில்லை. குகன் என்னைத் தூக்கினான் என்றும், என் கண்ணாடி விழுந்தது என்றும் மட்டும் குறிப்பிருக்கிறது. தயாபரன் மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து முகத்தைக் கிளவுஸுக்குள் வைத்துக்கொண்டான். கிழவர் கொஞ்சம் தள்ளி நின்றார். மெல்லவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. இரண்டாவது பேஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து கைகுலுக்கினார். அதற்குள் கழற்றியிருந்த என் கைக்கடிகாரத்தை மூன்று நிமிடம் கழித்துத்தான் திருப்பித் தந்தார்.

கல்யாணத்துக்கு மற்ற ஏழு குடும்பமும் போனோம். பிள்ளைகளோடு சேர்த்து மாப்பிள்ளைப் பகுதியில் இருபத்தொன்பது பேர். கிழவர் வேட்டியோடு வந்தார். குகன் கட்டிவிட்டு, மேலே தோல் பெல்ட்டும் போட்டிருந்தான். பெண்ணின் மாமா முறையான ஒருவர் கொஞ்சம் சந்தேகமாகக் கேட்டார்.

"இவர் ஆர்?"

"மாப்பிள்ளையின்ர பெரியப்பா," என்றான் குகன்.

"ஓம்," என்றார் கிழவர் கைகூப்பி. "பெரியப்பா. நீங்கள் சாப்பிட்டிட்டியளோ?"

அந்த மனிதரும் கைகூப்பிவிட்டுப் போனார். கிழவர் வாயிலிருந்து 'நீங்கள்' வந்ததை நான் கேட்டது அன்றுதான்.

எங்களுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. தாலி. ஆசீர்வாதத்துக்காகத் தாலியும் கூறைச் சேலையும் தட்டில் வைத்துச் சபை முழுக்கக் கொண்டுவருவார்கள்; எல்லோரும் தொட்டுக் கும்பிடுவார்கள். தட்டு அவர் பக்கம் வரும். அவர் கை சும்மா இருக்குமா?

"அண்ணை, அந்தாள் தாலியில கை வைச்சுதெண்டால் மட்டக்களப்புக்கே மானம் போயிடும்," என்றான் குகன். "நான் வலப்பக்கம் இருக்கிறன். நீங்கள் இடப்பக்கம்."

அவருடைய இரண்டு பக்கமும் நெருக்கி உட்கார்ந்தோம். தட்டு வந்தது. நான் அவருடைய விரல்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் குழந்தையைப் போல இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். தட்டு போயிற்று. பார்வையாலேயே தாலியை எண்ணினேன். இருந்தது. எழுந்து நின்று, தட்டு மணவறைக்குப் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டிமேளம் கொட்டியது. தயாபரன் தாலியைக் கட்டினான். அவன் திரும்பிப் பார்த்தபோது இருபத்தொன்பது பேர் எழுந்து பூவும் அரிசியும் வீசினோம். கிழவர் வீசியதுதான் அதிக தூரம் போனது. நேராக, மாப்பிள்ளையின் தலையில்.

அடுத்த நாள் காலை வான் வண்டியில் திரும்பினோம். குகன் ஓட்டினான். கிழவர் முன் ஆசனத்தில், தொப்பியை முகத்தில் கவிழ்த்து நித்திரை. கிங்ஸ்டன் தாண்டியதும் கல்யாணத்தைப் பற்றி எழுத நாட்குறிப்பைத் திறந்தேன். அந்த நாளுக்குரிய பக்கம் வெறுமையாக இருக்கவில்லை.

பக்கத்தின் நடுவில் பென்சிலால், தமிழில், ஒரு வரி. நாட்காட்டியில் அச்சிட்டிருக்கும் தடித்த எழுத்துகளைப் போலவே ஒவ்வொன்றும் தனித்தனியாக நிமிர்ந்து நின்றன.

கால் எங்கே?

தாலித் தட்டுக்காக எழுந்து நின்றபோது நான் தோள்பையைக் கதிரையில் விட்டிருந்தேன்.

அவசரமாகக் கடைசிப் பக்கத்துக்குப் புரட்டினேன். பட்டியலில் முதலாவதுக்குப் பக்கத்தில் 'அவுட்'. இரண்டாவதுக்கும் 'அவுட்'. நான் சிவப்பால் அடிக்கோடிட்ட மூன்றாவதுக்கும் 'அவுட்', கோட்டின் மேலேயே. நான்கும் ஐந்தும் அப்படியே. ஆறாவதுக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. 'மைனஸ் இருபத்திநான்கு' என்பதை மட்டும் நேர்த்தியாகக் கோடிட்டு அடித்து, மேலே திருத்தியிருந்தார்: இருபத்தாறு.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் அசையவில்லை. தொப்பியின் கீழே தாடை மட்டும் எதையோ மென்றுகொண்டிருந்தது.

"என்ன அண்ணை, எழுதேல்லையோ?" என்று குகன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்.

"பேந்து," என்றேன்.

பிறகு குனிந்து பார்த்தேன். என் இரண்டு கால்களும் வண்டியின் தரையில் ஒழுங்காகத்தான் இருந்தன. எனக்குத் தெரியும், அப்படியும் நான் அவுட்.